துண்டுக்குள் போன சைக்கிள்

அந்த வாரம் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் புத்தி தெளிவாக இருந்தது வண்டி இழுத்த மாடுகளுக்கு மட்டும்தான். லண்டன் ஏலத்துக்குப் போக வேண்டிய சரக்கு வியாழக்கிழமை மாலைக்குள் ஆம்பூர் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் மெட்ராஸில் கப்பல் நமக்காக நிற்காது என்று மேனேஜர் திங்கட்கிழமை சொன்னார். செவ்வாய்க்கிழமை கத்தினார். புதன்கிழமை தொண்டை கட்டிக்கொண்டு கையால் கத்தினார்.

நான் அங்கே மார்க்கு குமாஸ்தா. தரம் பிரித்த தோல்களை மூட்டையாகப் பேல் கட்டியதும், தகரத்தில் வெட்டிய எழுத்தை மேலே வைத்து மை தடவி, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று அச்சுப் போடுவது என் உத்தியோகம். பெயர் ஜெபசீலன். அந்த வாரம் என் வாயிலிருந்து வந்தது எதுவும் ஜெபம் இல்லை.

சரக்கு ஒருவழியாக ரயில் ஏறியது. வேலைதான் என் தலையிலிருந்து இறங்கவில்லை. எங்கள் முதலாளி முஸ்லிம் ஆனதால் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஞாயிற்றுக்கிழமை கோவில் மணி அடிக்கும்போது நான் மை அப்பிய கையோடு ஷாப்பில் நிற்பேன். கர்த்தரும் இதற்குள் ஆம்பூர் வழக்கத்துக்குப் பழகியிருப்பார் என்று நம்பிக்கை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி ஜெயபுஷ்பம் தட்டில் தோசையைப் போட்டாள். நான் அதை இரண்டு விரலால் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்.

"ஓரத்துல கிழிசல். நடுவுல கறை. இரண்டாம் தரம்" என்றேன்.

சத்தியமாக நான் வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. புஷ்பம் தோசைத் திருப்பியை அடுப்பு மேடையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"ராத்திரி தலகாணியில மை தடவினீங்க. ஒண்ணும் சொல்லல" என்றாள். "இன்னைக்கு இந்த வீட்ல இருந்தீங்கன்னா என் நெத்தியில அச்சுப் போட்டுடுவீங்க. சைக்கிளை எடுத்துனு எங்கயாவது காத்தாடப் போய்ட்டு வாங்க."

"உன் சைக்கிளா?"

"உங்களுக்கு வேற இருக்குதா?"

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புஷ்பம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுற்றுப்பட்ட ஊர்களில் பிரசவம் பார்க்கப் போவாள். போன வருஷம் ஒரு ஊருக்கு மாட்டு வண்டியில் போனாள். போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சீமையிலிருந்து ஒரு பெண்கள் சைக்கிளை வரவழைத்துக் கொடுத்தார். குறுக்குக் கம்பி இல்லாதது. பின் சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்க நூலில் பின்னிய வலை. புஷ்பம் அதில் ஏறிப் போனால் கடைத்தெருவே ஒரு நிமிஷம் தராசைக் கீழே வைத்துவிடும்.

"மத்தியானத்துக்குள்ள வண்டி வாசல்ல இருக்கணும்" என்றாள். "மலையடிவாரத்துல செண்பகம்னு ஒரு பொண்ணு. போன வாரம் அவங்க அம்மாவோட ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டிட்டுப் போனா. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. குழந்தை சரியா திரும்பல. ஆள் வந்து கூப்பிட்டா நான் அடுத்த நிமிஷம் கிளம்பணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. முழுக்கப் புரிந்துதான் எடுத்துக்கொண்டு போனேன்.

தெருக்கோடியில் இஷ்தியாக் அகமது தன் சைக்கிளோடு காத்திருந்தான். எங்கள் ஷாப்புக்குச் சந்தை சந்தையாகப் போய்ப் பச்சைத் தோல் வாங்குகிறவன் அவன். வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் வரை அவன் கையைத் தெரியாத வியாபாரி கிடையாது. கை என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் தோலுக்கும் ஆடு மாட்டுக்கும் பேரம் வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் கைகளை ஒரு துண்டுக்கடியில் நுழைத்து, விரலைப் பிடித்து அமுக்கி விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றுகிறவன் மனுஷனே இல்லை.

அந்த வாரம் முழுக்க இஷ்தியாக் அப்படிப் பேசியே விரல்கள் வீங்கிக் கிடந்தான்.

"ஒரே பேஜார் தோஸ்த்" என்றான். "நேத்து தூக்கத்துல என் பீவியோட விரலைப் புடிச்சு அமுக்கினேன். அவ எழுந்து உக்காந்துனு, இன்னா வாங்கப் போறேன்னு கேக்கறா."

"இன்னைக்கு தோல் பேச்சே கூடாது பாய். பேசினவன் மேட்டுல ரெண்டு வண்டியையும் தள்ளணும்."

"மஞ்சூர், சம்மதம்" என்றவன் என் வண்டியைக் குனிந்து பார்த்தான். "நடுக்கம்பியைக் காணோமே. வழியில விழுந்துடுச்சா?"

"ஏறி இறங்க வசதி."

"பொடவை கட்டினவங்களுக்கு வசதி. உனக்கு இன்னா?"

நான் மிதித்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ரோடு முடிந்தது, எங்கள் உல்லாசம் ஆரம்பித்தது. முதலில் மாட்டு வண்டித் தடம். சக்கரம் ஓடி ஓடிப் பள்ளமான இரண்டு கோடுகள். ஒன்றில் அவன், ஒன்றில் நான். பிறகு அதுவும் இல்லை. கல்லும் மணலும் சப்பாத்திக் கள்ளியும்தான். மணியை நான் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது தானாக அடித்துக்கொண்டு வந்தது. பல்லும் பல்லும் மோதிப் பேச முடியவில்லை. ஆனால் பாருங்கள், ஒரு மைல் போவதற்குள் மேனேஜரின் முகம் என் தலையிலிருந்து குலுங்கிக் குலுங்கி எங்கேயோ விழுந்துவிட்டது. திரும்பிப் போய் எடுக்கவில்லை.

ஆவாரஞ்செடி வழியெல்லாம் மஞ்சளாகப் பூத்திருந்தது. ஊர் உலகம் அதில் பூவைப் பார்க்கும். நாங்கள் இரண்டு பேரும், தோலுக்குப் பதம் போட எவ்வளவு பட்டை தேறும் என்று பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டோம். பாய்தான் முதலில் தோற்றான். எதிரே வந்த ஒரு எருமையை விலக்கி ஓட்டும்போது, "முதுகுல கொம்புக் கீறல், பாதி விலை" என்று அவனை மீறி வந்துவிட்டது. எருமை நின்று திரும்பிப் பார்த்தது.

அதனால் அடுத்த மேட்டில் பாய் இரண்டு சைக்கிளையும் தள்ளினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கலெக்டர் மாதிரி நடந்தேன். மேட்டின் உச்சியில் ஒரு புங்க மரம். அதன் நிழலில் ஏழெட்டு வெள்ளாடுகளோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். பெயர் கன்னியப்பன் என்றான். பக்கத்தில்தான் அவன் ஊர். எங்களைவிட வண்டிகளைத்தான் அதிகம் பார்த்தான். அதிலும் என் வண்டியை.

"இது ஏன் சாமி நடுவுல ஒண்ணுமில்லாத கீது?"

அங்கேதான் என் வாயில் சனி உட்கார்ந்தது. புஷ்பத்தின் வண்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இஷ்தியாக் வேறு பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இது மலைக்குன்னே செஞ்ச வண்டி" என்றேன். "கம்பி இருந்தா மேட்டுல கால் இடிக்கும்."

"இந்த வலை?"

"முள்ளு உள்ள போகாம இருக்க."

பாய் மரத்துக்குப் பின்னால் போய் இருமினான்.

"உங்களுதா சாமி?"

"பின்னே?"

கன்னியப்பன் வண்டியின் சீட்டைத் தொட்டான், உடனே கையை எடுத்துக்கொண்டான். "இங்கேர்ந்து ஆம்பூருக்கு நடந்து போய்ட்டு, நடந்து வந்தா அரை நாள் போய்டுது. இதுல?"

"இதுலயா? காத்து மாதிரி. நாலு மைலை ஊதித் தள்ளிடும்."

அவன் தன் ஆடுகளை ஒரு தடவை பார்த்தான். பிறகு எழுந்து போய், நெற்றியில் வெள்ளைத் திட்டு உள்ள ஒரு கறுப்பு ஆட்டைக் கயிற்றோடு கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினான். மந்தையிலேயே அதுதான் நல்ல ஆடு. எனக்கே தெரிந்தது.

"இதை எடுத்துனு அதைக் கொடுப்பீங்களா சாமி?"

நான் சிரிப்பதற்குள் இஷ்தியாக்கின் கை நீண்டுவிட்டது. ஆட்டின் விலாத்தோலை இரண்டு விரலால் கிள்ளி, உருட்டி, விட்டான். "முதல் தரம்" என்றான். "உண்ணிக் கடி ஒண்ணு கிடையாது. வாங்கினா..." அப்புறம்தான் பந்தயம் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எனக்கு எப்போதும் வராது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். எங்கள் ஆபீசில் அப்படித்தான் ஆளை அனுப்பி வைப்போம். கன்னியப்பன் எங்கள் ஆபீசைப் பார்த்ததில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, நான் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் யோசிக்கவில்லை. மலைக்கென்றே செய்த வண்டி என்று சொன்ன பிறகு மலையில் ஓட்டிக் காட்ட வேண்டாமா? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தச் சரிவில் விட்டேன். பாதி தூரம் காற்று மாதிரித்தான் போனேன். மீதி தூரத்தில் ஒரு கல் இருந்தது. சைக்கிள் கல்லோடு நின்றது. எனக்கு நிற்கும் வழக்கம் இல்லாததால் மேலே போனேன். கீழே வறண்ட ஓடையில் யாரோ மணல் தோண்டிய பள்ளம் ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. தலைகுப்புற அதில் விழுந்தேன்.

எழுந்தால் மணல் சரிந்து மறுபடி உள்ளே தள்ளியது. வாய் நிறைய மணல். கத்த முடியவில்லை. தலையிலிருந்து அவிழ்ந்த துண்டு என் வலது கையின் மேல் வந்து விழுந்து மூடியிருந்தது. நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கையை மட்டும் மேலே நீட்டினேன்.

இப்போது கன்னியப்பன் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆளிடம் ஒரு பேரம் கேட்டிருக்கிறான். ஆள் யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான். வண்டியை ஒரு ஓட்டு ஓட்டி, கடைசியாகச் சோதித்துவிட்டு, ஓடையில் மறைவாக உட்கார்ந்துகொண்டு, துண்டு போட்ட கையை நீட்டுகிறான்.

கன்னியப்பன் பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, மரியாதையாகத் துண்டுக்கடியில் கையை நுழைத்தான். என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். என்ன என்பது போல ஒரு அமுக்கு அமுக்கினான். விட்டால் மறுபடி விழுவேனே என்ற பயத்தில் நான் என் பலமெல்லாம் கூட்டித் திருப்பி அமுக்கினேன். தலையையும் பலமாக ஆட்டினேன், சீக்கிரம் தூக்கு என்று.

தூக்கினான். மேலே வந்து மணலைத் துப்பி முடிப்பதற்குள் அவன் அந்தத் துண்டைக் கண்ணில் ஒற்றி என் தோளில் போட்டான். ஆட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தான். வண்டியைத் தூக்கினான்.

"எங்க எடுத்துனு போற?"

"ஊட்டுக்கு சாமி."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இஷ்தியாக்குக்கு உடனே விளங்கிவிட்டது. அவன் முகம் சந்தையில் நிற்கிற முகமாக மாறியிருந்தது.

"நான் மேலேர்ந்து பார்த்தேன் தோஸ்த்" என்றான். "துண்டு இருந்துச்சு. அஞ்சு விரலும் இருந்துச்சு. தலையாட்டினே."

"நான் பள்ளத்துல விழுந்திருந்தேன் பாய்."

"பேரம் எங்க வேணா பேசலாம்."

"இது என் பெஞ்சாதி வண்டி" என்றேன், மானத்தையெல்லாம் ஓடையிலேயே விட்டுவிட்டு. "பொம்பளைங்க ஓட்டற வண்டி. அந்த வலை பொடவைக்காக."

கன்னியப்பன் நின்றான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. "மலைக்குன்னே செஞ்சது, உங்களுதுன்னு சொன்னீங்களே" என்றான். "அப்ப சொன்னது பொய்யா சாமி, இப்ப சொல்றது பொய்யா?" உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். இஷ்தியாக் வானத்தைப் பார்த்தான்.

"வீட்ல ஒரு அவசரத்துக்கு வேணும்பா."

"எனக்கும் ஒரு அவசரத்துக்குத்தான் சாமி."

"இன்னா அவசரம்?"

அவன் ஆடுகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அவசரம்தான்" என்றான்.

"ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு?"

"எனக்கில்ல" என்றான். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி, கல்லில் இடிக்காமல், திருவிழாவில் சாமி எடுத்துப் போகிற பதனத்தோடு ஓடையைத் தாண்டினான். மற்ற ஆடுகள் பின்னால் போயின. என்னுடைய ஆடு என்னைப் பார்த்தது.

"போய்ப் புடுங்குவோம் பாய்."

"நானா?" இஷ்தியாக் நெஞ்சில் கை வைத்தான். "துண்டுப் பேரத்தை உடைச்ச ஆளோட நான் நின்னேன்னு தெரிஞ்சா, அடுத்த சந்தையில எவன் என் துண்டுக்குள்ள கை விடுவான்? என் புள்ளைங்க இன்னாத்த சாப்புடும்? ஏறு பின்னால. அண்ணிகிட்ட உண்மையைச் சொல்லிக்கலாம்."

ஏறினேன். ஆட்டை மடியில் வைத்துக்கொண்டேன். பத்து கஜத்தில் ஆடு இஷ்தியாக்கின் குல்லாவைக் கடித்தது. மூன்று பேரும் விழுந்தோம். இரண்டாம் தடவை ஆட்டை முன்னால் வைத்தோம். அது ஹாண்டில் பாரைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பியது. அதற்குள் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "தொழுதுட்டு நேரா உங்க வீட்டுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு பாய் போய்விட்டான்.

நான் ஆட்டோடு நடந்தேன். நடந்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. ஆடு எங்கே நின்றதோ அங்கே நின்றேன். அது ஆவாரம்பூ தின்றபோது நானும் பூவைப் பார்த்தேன். வழியில் அது என் துண்டில் கால் பங்கைத் தின்றது. அந்தத் துண்டு செய்த காரியத்துக்கு முழுவதும் தின்றிருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். மத்தியானம் என்று புஷ்பம் சொன்ன நேரம் எப்போதோ போய்விட்டது. செண்பகம் என்ற பெயர் மட்டும் தலையில் மணி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்து அலுப்பைத் தொலைக்கப் போய், ஒரு பெண்ணின் உயிருக்கு உலை வைத்துவிட்டு வருகிறேன். இதற்கு மேனேஜரே தேவலை.

வாசலில் புஷ்பம் பையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே ஆடு இருந்தது.

"வண்டி எங்க?"

சொன்னேன். பள்ளம், மணல், துண்டு, அஞ்சு விரல் எல்லாம் சொன்னேன். மலைக்கென்றே செய்த வண்டி என்று சொன்னதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது என்னமோ கேவலமாகிக்கொண்டே போனது.

"அந்த செண்பகத்துக்கு இப்ப வலி எடுத்தா" என்றாள் புஷ்பம், குரலை உயர்த்தாமல், "நான் இந்த ஆட்டு மேலயா ஏறிப் போறது?"

அப்போது இஷ்தியாக் தொழுது முடித்து வந்து சேர்ந்தான். வாசலில் நிலவிய அமைதியைப் பார்த்து, வந்த வழியே வண்டியைத் திருப்பப் பார்த்தான்.

"பாய், நில்லுங்க" என்றாள். "நீங்களுமா கூட இருந்தீங்க?"

"அண்ணி, நான் சாட்சி மட்டும்தான்."

"சாட்சியோட வண்டியைக் கொடுங்க." வாங்கிப் பார்த்தாள். குறுக்குக் கம்பி உயரத்தில் நின்றது. புடவையோடு அதில் ஏற முடியாது. என்னைப் பார்த்த பார்வையில் என் வேட்டியைக் கேட்டுவிடுவாளோ என்று ஒரு கணம் பயந்தேன். "நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்துக்கறேன். போய் என் வண்டியை..."

தெருமுனையில் மணிச்சத்தம் கேட்டது. யாரும் அடிக்காமல் தானாக அடிக்கிற மணி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

கன்னியப்பன் ஓடி வந்தான். சைக்கிளின் மேல் இல்லை, பக்கத்தில். ஹாண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்து, முரண்டு பண்ணுகிற கன்றுக்குட்டியைத் தள்ளுகிற மாதிரித் தள்ளிக்கொண்டு நாலு மைலும் ஓடி வந்திருக்கிறான். உடம்பெல்லாம் புழுதி. வண்டியின் முன்னால் வேப்பிலைக் கொத்தும் ஒரு மஞ்சள் துணியும் கட்டியிருந்தது.

"நர்ஸம்மா ஊடு எது?" என்று தெருவைக் கேட்டுக்கொண்டே வந்தவன், என்னைப் பார்த்து நின்றான். ஆட்டைப் பார்த்தான். வண்டியை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

"சாமி, பேரம் முடிஞ்சுபோச்சு" என்றான் மூச்சு வாங்க. "இப்ப வந்து கேட்டா எப்புடி?"

"நான்தான் நர்ஸ்" என்றாள் புஷ்பம். "யாருக்கு?"

"எங்க ஊட்ல. செண்பகம். வலி கண்டுடுச்சும்மா. ஏறிக்கங்க. அதுக்குன்னுதான் வண்டி வாங்கினேன்."

புஷ்பம் தன் சைக்கிளைப் பார்த்தாள், வேப்பிலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நேரமில்லை. பையை மாட்டிக்கொண்டு ஏறினாள். நாங்கள் வாயை மூடுவதற்குள் ரயில்வே கேட் பக்கம் திரும்பிவிட்டாள்.

நான் இஷ்தியாக்கின் கையில் ஆட்டுக் கயிற்றைத் திணித்தேன். அவன் வண்டியைப் பிடுங்கி, கன்னியப்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். "ஏய், இதை நான் இன்னா பண்றது?" என்று பாய் கேட்டது காதில் விழுந்தது.

கன்னியப்பன் சைக்கிளில் உட்காருவது அதுதான் முதல் தடவை. என் இடுப்பைப் பிடித்தான். போதவில்லை, கழுத்தைப் பிடித்தான். மேட்டில் இரண்டு காதையும் பிடித்தான். காலையில் நான் கலெக்டர் மாதிரி நடந்த அதே மேடு.

"காலையிலேயே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "பிரசவத்துக்குன்னு ஒரு வார்த்தை."

"முன்ன பின்ன தெரியாத ஆம்பளைங்ககிட்ட அதை எப்புடி சாமி சொல்றது?" கொஞ்ச தூரம் போனதும், "நீங்களும்தான் சொல்லல" என்றான்.

நியாயம்தான். இரண்டு பேரும் அவசரம், அவசரம் என்று ஒரே காரியத்தைச் சொல்லிக்கொண்டு ஒரே வண்டியை இழுத்திருக்கிறோம்.

"எங்க அண்ணிக்கு இப்புடித்தான் ஆச்சு" என்றான் பின்னாலிருந்து. "அண்ணன் நடந்து போய் ஆளைக் கூட்டினு வந்தான். வரும்போது அண்ணி இல்ல. நான் ஓடிப் போய்டுவேன் சாமி, எனக்கு அது பெரிசில்ல. வர்றவங்க ஓட முடியுமா? அதான் அவங்க ஏறி வர ஒண்ணு வேணும்னு... நர்ஸம்மாகிட்டயே வண்டி இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லல."

நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். காதை அவன் பிடித்துக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அதுவும் நல்லதாகத்தான் போயிற்று.

அவன் வீட்டு வாசலில் சைக்கிள் வேப்பிலையோடு சாய்ந்து நின்றது. கதவு சாத்தியிருந்தது. நாங்கள் வெளியே ஒரு உரலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து செண்பகத்தின் சத்தம் வரும்போதெல்லாம் கன்னியப்பன் எழுந்து நிற்பான், நானும் எழுந்து நிற்பேன். சத்தம் நின்றால் இன்னும் பயமாக இருக்கும், அப்போதும் எழுந்து நிற்போம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. சொன்னால் நம்புங்கள், மேனேஜருக்குக்கூட அப்படி ஒரு தொண்டை கிடையாது.

புஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "பொண்ணு" என்றாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கால் முன்னால வந்துச்சு. கொஞ்சம் பிந்தியிருந்தா..."

கன்னியப்பன் சுவரோடு திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. நான் சந்தர்ப்பத்தை விடாமல், "பார்த்தியா" என்றேன் புஷ்பத்திடம் மெதுவாக, "வண்டியை நான் இங்க விட்டுட்டு வந்ததால இல்ல இது..."

"வண்டி நம்ம வீட்ல இருந்திருந்தா அவர் வெறுங்கையோட ஓடி வந்திருப்பார். இன்னும் சீக்கிரம் வந்திருப்பார்."

நான் மறுபடி உரலருகே உட்கார்ந்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த கன்னியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து புஷ்பத்தின் முன்னால் நிறுத்தினான். "உங்களுக்குக் கொடுக்க எங்கிட்ட வேற ஒண்ணும் பெரிசா இல்ல நர்ஸம்மா. இதை நீங்களே வச்சுக்கங்க."

புஷ்பம் தன் சைக்கிளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ரொம்ப சந்தோஷம்" என்றாள், முகம் மாறாமல். "ஆனா அந்த ஆட்டைத் திருப்பி எடுத்துக்கணும். புள்ளை பெத்த வீட்ல பால் வேணும்."

"அது எப்புடிம்மா? துண்டு போட்டுப் பேசின ஆடு. திருப்பி வாங்கினா நான் மனுஷனா?"

இந்தச் சமயத்தில் இருட்டிலிருந்து ஆடு வந்தது. பின்னால் கயிறு, கயிற்றின் நுனியில் இஷ்தியாக். குல்லாவில் ஒரு பக்கம் இல்லை. "நான் கூட்டினு வரல அண்ணி" என்றான். "இதுதான் என்னை வீடு வரைக்கும் இழுத்துனு வந்துச்சு."

ஆட்டை நடுவில் வைத்துக்கொண்டு அரை மணி வாக்குவாதம். எடுத்துக்கொள் என்று நாங்கள், மாட்டேன் என்று அவன். பேரத்தை வாயால் உடைக்க முடியாது என்று இஷ்தியாக் வேறு நடுநடுவே சட்டம் சொன்னான். கடைசியில் புஷ்பம் என் தோளிலிருந்து மிச்சமிருந்த முக்கால் துண்டை எடுத்தாள். தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டு கன்னியப்பனிடம் நீட்டினாள்.

ஒரு பெண்பிள்ளை துண்டுப் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. இத்தனை சந்தைக்குப் போன இஷ்தியாக்கும் பார்த்ததில்லை. பேசக் கூடாது என்று யாரும் எங்கேயும் சொன்னதாகவும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கன்னியப்பன் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டுத் துண்டுக்கடியில் நுழைத்தான். துண்டு கொஞ்ச நேரம் அசைந்தது. நடுவில் இரண்டு பேரும் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார்கள். கன்னியப்பன் இஷ்தியாக்கையும் பார்த்தான். பிறகு துண்டு ஒரு அழுத்தில் அமுங்கி நின்றது. முடிந்தது.

"ஆடு அவருக்கு, சைக்கிள் எனக்கு" என்றாள் புஷ்பம்.

"அப்ப எனக்கு?"

"வர்ற வெள்ளிக்கிழமை தெரியும்."

வெள்ளிக்கிழமை தெரிந்தது. விடியற்காலையிலேயே அவள் என்னை எழுப்பி, செண்பகத்துக்கான மருந்தையும் தன் சைக்கிளையும் கொடுத்து அனுப்பினாள். இஷ்தியாக்குக்கும் ஆள் போயிருந்தது. நாங்கள் கல்லிலும் மணலிலும் குலுங்கிக் குலுங்கி ஏறி, புங்க மரத்தடிக்குப் போனதும், கன்னியப்பன் ஆடுகளைக் காட்டி, என் கையில் தன் கோலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினான். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அப்பனுக்கு ராத்திரி தூக்கம் ஏது? ஜும்மாவுக்கு முன்னால் வந்து கோலை வாங்கிக்கொண்டான். அந்த வெள்ளி மட்டுமில்லை, அதற்கடுத்த வெள்ளியும், அதற்கடுத்ததும். எத்தனை வெள்ளிக்குப் பேசியிருக்கிறாய் என்று புஷ்பத்தை நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"துண்டுக்குள்ள பேசினதை வெளியில சொல்றது முறையில்ல" என்கிறாள். "உங்க தோஸ்த்தைக் கேளுங்க."

பாயைக் கேட்டால் அவனும் அது சரிதான் என்கிறான். எனக்கும் இப்போது அவசரமில்லை. வாரம் முழுக்க மேனேஜர் கத்தினாலும், வெள்ளிக்கிழமை அந்த ஓடைக் கல்லில் வண்டி ஏறி இறங்கும்போது எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. அந்தக் கறுப்பு ஆட்டை மேய்ப்பது மட்டும்தான் கஷ்டம். அது இன்னும் என்னைத் தன் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இஷ்தியாக் அதன் விலாவைக் கிள்ளிப் பார்க்காமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

மலையடிவாரத்தில் வெயில் ஜாஸ்தி. உச்சி மண்டை பொசுங்குகிறது. தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கொண்டு போனால் என்ன என்று செண்பகம்கூடக் கேட்டாள், குழந்தையை என் மடியில் போட்டுக்கொண்டே.

மற்ற ஆறு நாளும் கட்டுகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.